ரோட்டுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே டயர்

சைக்கிள் டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் மேலிருக்கும் பட்டனை, அதாவது துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் முண்டுகளைத்தான். பட்டன் பெரிதாக இருந்தால் மண் டயர், வழவழவென்று இருந்தால் ரோட்டு டயர், இரண்டிலும் ஓட்ட வேண்டுமென்றால் நடுவாந்திரமாக ஒன்று. கடையிலும் அப்படித்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். என் கட்சி வேறு. ரோடு பாதி மண் பாதி என்று ஓட்டுகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியது பட்டன். முதலில் அகலம், அப்புறம் காற்று, அதற்கப்புறம் டயரின் நூல், நம் ஊர்க்காரராக இருந்தால் முள்ளுக்கு என்ன வழி என்கிற கேள்வி, இவ்வளவும் முடிந்த பிறகு பட்டனைப் பற்றி யோசித்தால் போதும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர் நல்லது என்று சொல்லும் டயர் வேலூர்ப் பக்கத்தில் சரிப்படுவதில்லை.

எங்கள் பக்கத்து ரோடு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாகாயத்திலிருந்து கிளம்பினால் திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலை 38. கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் என்று நல்ல தார் ரோடு. அதிலிருந்து இடதோ வலதோ எந்த ஊருக்குள் திரும்பினாலும் சிமெண்ட் ரோடு, சிமெண்ட் ரோடு முடிகிற இடத்தில் பெயர்ந்துபோன பழைய தார், அதைத் தாண்டினால் செம்மண், செம்மண்ணைத் தாண்டினால் ஏரிக்கரை. இந்த மாவட்டங்களில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டேரியில் ஆரம்பித்துக் காவேரிப்பாக்கத்தின் பெரிய ஏரி வரைக்கும் கரை மேலே ஒரு வண்டித்தடம் இருக்கும். சைக்கிள் ஓட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வெயிலில் இறுகிய மண், ஒரு பக்கம் தண்ணீர் அல்லது தண்ணீர் இருந்த இடம், இன்னொரு பக்கம் கழனி. ஆனால் மழையில் மாடு நடந்து, அந்தக் குளம்படி அப்படியே காய்ந்து கல்லாகிவிட்டால் அரை கிலோமீட்டருக்கு எலும்பை உலுக்கி எடுத்துவிடும். இது போகப் பாலாற்று மணல் இருக்கிறது, கிரஷர்களைச் சுற்றிய ஜல்லி ரோடு இருக்கிறது, மேற்கே ஜவ்வாது மலை இருக்கிறது. ஒரே காலையில் இதில் நாலைந்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த நாலைந்துக்கும் சேர்த்துத்தான் ஒரு ஜோடி டயர் தேவை.

இப்படி ஓட்டுகிறவர் தன் காலை ஓட்டத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை பங்கு தார், எத்தனை பங்கு மண், அந்த மண்ணும் எந்த மண்? பெரும்பாலானவர்களுக்கு முக்கால் பங்கு தாராகத்தான் இருக்கும், மண் என்று நினைத்துக்கொண்டிருப்பதிலும் பாதி இறுகிய மண்ணாகத்தான் இருக்கும். மனதில் ஆசை மலைக்காட்டில் இருந்தாலும் சக்கரம் சுற்றுவது நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில்தான். டயரை ஆசைக்கு வாங்கக் கூடாது, சக்கரம் சுற்றுகிற இடத்துக்கு வாங்க வேண்டும்.

சரி, அகலம். 28 மில்லிமீட்டர் டயர் ரோட்டுக்கு மட்டும். 32 இருந்தால் பெயர்ந்த தாரைச் சமாளிக்கலாம், ஏரிக்கரையில் ஏறினால் கை மரத்துவிடும். 35-ஐத்தான் நான் குறைந்தபட்சம் என்பேன். 38-இலிருந்து 45 வரைக்கும் இருப்பதுதான் நமக்கு வேண்டிய இடம், அதிலும் 40 அல்லது 42 கிடைத்து ஃப்ரேமும் இடம் கொடுத்தால் வேறு யோசனையே வேண்டாம். 50-க்கு மேலே போவது மணலுக்கும் பாறைக்கும். பாலாற்றுக் காய்ந்த மணலில் 40 மில்லிமீட்டர் டயர் புதைந்துவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். அந்த ஐந்து நிமிடத் தள்ளலுக்காக வருஷம் முழுக்கக் கனமான டயரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அகலமான டயர் இழுக்கும், ஓடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். அது பாதிதான் உண்மை. டயர் தரையில் அமுங்கும்போது ரப்பரும் நூலும் வளைந்து நிமிர்கின்றன, அந்த வளைதலில் நம் மிதியில் கொஞ்சம் வீணாகிறது. ஒரே அளவு காற்றில் ஒல்லி டயர் நீளவாக்கில் அதிகம் அமுங்கும், அகல டயர் குறுக்குவாக்கில் அமுங்கும், நீளம் குறையும். அதனால் ஒரே காற்றில், ஒரே தரமான டயரில், அகலமானதுதான் கொஞ்சம் சுலபமாக உருளும். நாம் அகல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுகிறோம், அதில் அந்த லாபம் சமமாகிவிடுகிறது, பதிலுக்கு உடம்புக்கு நிம்மதி கிடைக்கிறது. கரடுமுரடான ரோட்டில் இன்னொன்றும் நடக்கிறது. காற்றை இறுக அடித்த டயர் ஒவ்வொரு சின்னக் கல்லுக்கும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கிப் போடும், அப்படித் தூக்குவதற்கான சக்தியை மிதிக்கிற காலிலிருந்துதான் எடுக்கிறது. குறைந்த காற்றிலிருக்கும் டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடும். இந்தியக் கிராம ரோட்டில் ஒல்லி டயரில் இறுக்கிக் காற்றடித்துப் போகிறவர் வேகமாகப் போவது போலத் தோன்றுவது அந்தக் குலுக்கலால்தான்.

ஆனால் அகலத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லை, ஃப்ரேம். டயர் வாங்குவதற்கு முன்னால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே, பின்னால் பெடல் பக்கத்துக் கம்பிகளுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்த்துவிட வேண்டும். மேலேயும் பக்கத்திலும் நாலு மில்லிமீட்டராவது வேண்டும். களிமண்ணில் ஓட்டுகிறவருக்கு அதுவும் பற்றாது. நஞ்சைக் கழனி வரப்பில் மழைக்குப் பிறகு ஒரு நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள், கறுப்பு மண் டயரில் ஒட்டி, சுற்றிச் சுற்றித் தடித்து, ஃபோர்க்கில் அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். எந்தப் பட்டனும் அந்த மண்ணை உதறாது, இடைவெளி இருந்தால் மட்டும் கொஞ்ச தூரம் போகலாம். ரோட்டு சைக்கிளில் டயருக்கு மேலே வளைந்து ரிம்மைக் கவ்வும் காலிப்பர் பிரேக் பல மாடல்களில் 28-க்கு மேல் விடாது, அதை வைத்துக்கொண்டு மண் டயர் தேடுவதில் பயனில்லை. டிஸ்க் பிரேக், வி-பிரேக் உள்ள ஹைபிரிட்களில் (ரோட்டு சைக்கிளும் மவுண்டன் பைக்கும் கலந்த வகை) பெரும்பாலும் 40 வரை நுழையும்.

அளவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். டயரின் பக்கத்தில் 40-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்ணை மட்டும் நம்பினால் போதும். 700 சி என்பதும் 29 இன்ச் என்பதும் ஒரே 622-தான். 27.5 இன்ச் என்பது 584. மவுண்டன் பைக் 26 இன்ச் 559. ஆனால் நம் அப்பாக்கள் ஓட்டிய, இன்றும் பால்காரர் ஓட்டும் கம்பி பிரேக் சைக்கிளின் 28 × 1½ டயர் 635. ஐரோப்பிய டயர்களில் 28 இன்ச் என்று போட்டிருப்பதோ 622. இரண்டிலும் 28 என்றே இருக்கும், ஒன்று மற்றதின் ரிம்மில் நிற்காது. அதேபோல 26 × 1⅜ என்கிற பழைய லேடீஸ் சைக்கிள் டயர் 590, அது மவுண்டன் பைக்கின் 26 இன்ச்சுக்குப் போகாது. கடைக்காரர் இன்ச்சில் பேசினால் நீங்கள் மில்லிமீட்டரில் பேசுங்கள். உங்கள் பழைய டயரில் அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி காற்று. இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் 4,000 ரூபாய் டயரையும் 500 ரூபாய் டயரையும் ஒரே மாதிரி கெடுக்கக்கூடியது காற்றுதான்.

லாங் பஜார் பக்கம் நான் போகும் சைக்கிள் கடையில் பாய் ஒருவர் இருக்கிறார். பல காலமாக இதே வேலை. டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "இன்னாபா தம்பி, காத்து ஜாஸ்தி கீது, மண்ணுல போறேன்ற, குதிக்காதா?" என்றார் ஒருமுறை. நான் அதைக் கேட்டு வால்வை அமுக்கிக் காற்றை இறக்கினேன், அவர் விரலால் மறுபடி பார்த்து "இப்ப போ" என்றார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் அவர் விரல் சொன்னது சரியாக இருந்தது. அது அவருடைய விரல், நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. நமக்கு அளவுமானி வைத்த நிற்கும் பம்பு ஒன்று வேண்டும். டயருக்கு அடுத்து, சில சமயம் டயருக்கும் முன்னால், வாங்க வேண்டிய பொருள் அதுதான். பெட்ரோல் பங்க் அளவுமானி காருக்கானது, அதில் 35 பி.எஸ்.ஐ.-க்கும் (காற்றழுத்தத்தின் அளவு) 42-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப முடியாது. பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு இருந்தால் அங்கே பித்தளை அடாப்டரும் வேண்டும்.

எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்ச வரம்பு. அது வரைக்கும் அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை, அதைத் தாண்டக் கூடாது என்றுதான் அர்த்தம். ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் சொன்ன ஒரு கணக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது: ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும். தொடங்குவதற்கு நல்ல கணக்கு அது. நான், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்ந்தால் 90 கிலோ பக்கம் வரும். 40 மில்லிமீட்டர் டயரில், டியூபோடு, தார் ரோட்டுக்கு முன்னால் 42, பின்னால் 50 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். எடை பின்சக்கரத்தில் கூடுதலாக விழுவதால் பின்னால் எப்போதும் அதிகம். ஏரிக்கரையில் ஏறும் முன் முன்னால் 32, பின்னால் 38 என்று இறக்கிவிடுகிறேன். உங்கள் சொந்த எடை மட்டும் 60 என்றால் இவையெல்லாம் அஞ்சு ஆறு குறையும், 90 என்றால் கூடும்.

இறக்கும்போது நடக்கும் மாற்றத்தை ஒருமுறை நிதானமாகக் கவனியுங்கள். நான் காய்ந்த குளம்படி உள்ள ஒரே துண்டில் முதலில் 50-இல் போய், அதே இடத்துக்குத் திரும்பி வந்து, காற்றை இறக்கிவிட்டு மறுபடி போவேன். முதல் தடவை ஹேண்டில்பாரில் விரல் தளர்த்த முடியாது, கண் தண்ணீர்ப் பாட்டிலின் மேலேயே இருக்கும், எங்கே தெறித்து விழுமோ என்று. இரண்டாவது தடவை டயர் ஒவ்வொரு குழி விளிம்பிலும் கொஞ்சம் பிதுங்கி, மறுபடி உருண்டு, மண்ணில் ஒரு அகலமான தடம் விட்டுக்கொண்டு போகும், உட்கார்ந்த இடத்திலிருந்தே மிதிக்கலாம். டயர் அதே டயர்தான், மாறியது காற்று மட்டும். மண்ணில் பிடி கிடைப்பதற்கு முதல் காரணம் இதுதான், பட்டன் இரண்டாவது.

ரொம்ப இறக்கினால் வேறு ஆபத்து. கல் ஒன்று டயரை ரிம் வரைக்கும் அமுக்கிவிடும், நடுவில் மாட்டிய டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்தது போல. இரண்டு ஓட்டை பார்த்தீர்களானால் அது முள் இல்லை, காற்றுக் குறைவு. அடுத்த முறை அஞ்சு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். அகலமான டயரில் அந்த வரம்பு கீழே தள்ளிப் போகிறது, அதற்காகத்தான் முதலிலேயே அகலத்தைச் சொன்னேன்.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையில் 30 டிகிரியில் 50 அடித்த டயர், மதியம் தார் சூட்டிலும் வெயிலிலும் 50 டிகிரிக்குச் சூடானால் தானாக 4 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். உச்ச வரம்புக்குப் பக்கத்தில் அடித்துவிட்டுச் சித்திரை வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குகிறவருக்கும் இதே எச்சரிக்கை, ரிம்மே கொதிக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

முள்ளுக்கு வருகிறேன். வட ஆற்காட்டில் டயர் தேர்வு என்பது பாதி முள் தேர்வுதான். இரண்டு முள். ஒன்று வேலிகாத்தான், மற்ற ஊர்களில் சீமைக்கருவேல் என்பார்கள். நீளமான, விறைப்பான முள். மரமாக நிற்கும்போது தொல்லை இல்லை, விறகுக்கு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போன மறுநாள் அந்த ரோட்டில் சைக்கிளைக் கொண்டு போகவே கூடாது. இன்னொன்று நெருஞ்சி. மழை முடிந்து தரை காயத் தொடங்கும்போது மஞ்சள் பூ போய்க் காய் உதிரும். அந்தக் காய் துண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் முள், எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்துக்கொண்டிருக்கும். கரையின் நடுத்தடத்தில் இருக்காது, ஓரத்துப் புல்லில் இருக்கும். யாராவது எதிரே வண்டியில் வந்து நீங்கள் ஓரம் ஒதுங்கினால் போச்சு.

இரண்டுக்கும் மருந்து வேறு. நெருஞ்சி குட்டை முள், அதைத் தடிமனால் தடுக்கலாம். பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயர்கள் இதற்குத்தான். ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் டயரில் ரப்பருக்கு அடியில் 3 மில்லிமீட்டர் பட்டை, மாரத்தான் பிளஸ்ஸில் 5 மில்லிமீட்டர். பிளஸ்ஸில் 38 அகலம் என்றால் ஒரு டயரே ஒரு கிலோவை நெருங்கும், மிதிக்கும்போது அந்தக் கனமும் விறைப்பும் தெரியும். தினம் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர், பஞ்சர் ஆனால் அரை நாள் சம்பளம் போகும் என்கிறவர், யோசிக்காமல் அதை வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்கு ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம் என்பேன், மெல்லிய பட்டை போதும். வேலிகாத்தான் முள்ளோ எந்தப் பட்டையையும் தாண்டும். அதற்கு சீலண்ட்தான் வழி. ரப்பர் பால் கலந்த திரவம், ஓட்டை விழுந்ததும் காற்றோடு வெளியே வந்து அங்கேயே உறைந்து அடைத்துவிடும்.

சீலண்ட் என்றதும் டியூப்லெஸ் பேச்சு வரும். ரிம், டயர் இரண்டும் அதற்கு ஏற்றதாக இருந்து, ரிம் டேப் சரியாக ஒட்டியிருந்தால், மண்ணில் ஓட்டுவதற்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. டியூபே இல்லாததால் அந்த இரட்டை ஓட்டைப் பிரச்சினை இல்லை, இன்னும் ஏழெட்டு பி.எஸ்.ஐ. இறக்கலாம். ஆனால் நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும், ஊற்றாமல் விட்டால் டயருக்குள் ரப்பர் ஆடைதான் மிஞ்சும். ரோட்டோரப் பஞ்சர் கடையில் இதற்கு உதவி கிடைக்காது, எல்லாம் உங்கள் கையில்தான். அதற்கு நேரமில்லாதவருக்கு நடுவழி ஒன்று உண்டு: வால்வின் உள்பகுதி கழற்றக்கூடிய டியூபாக வாங்கி அதற்குள்ளேயே சீலண்ட் ஊற்றிக்கொள்ளலாம். முள் ஓட்டைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே குறை, அந்த டியூபில் பின்னால் ஒட்டுப் போட வேண்டி வந்தால் ஈரத்தில் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது, நன்றாகத் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

பஞ்சர் ஆனால் அவசரப்பட்டு டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பிவிடாதீர்கள். டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று தடவ வேண்டும், மெதுவாக, ஏனென்றால் அந்த முனை விரலையும் குத்தும். கர்ச்சீப்பைச் சுருட்டி உள்ளே ஓட்டினால் இன்னும் சுலபம், முள் இருக்கிற இடத்தில் துணியின் நூல் மாட்டி இழுக்கும். வேலிகாத்தான் முள் பெரும்பாலும் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியே கரும்புள்ளி மட்டும் தெரியும், உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து இழுத்தால் வராது. உள்ளிருந்து டயர் லிவரின் முனையால் தள்ளி, வெளியே தலை தெரிந்ததும் நகத்தாலோ சின்னக் குறடாலோ பிடுங்க வேண்டும். பாய் கடையில் இதற்காகவே ஒரு பழைய குறடு மேசையில் கிடக்கும். டயரைத் திருப்பிப் போட்டு, வெளிச்சத்தில் ஓட்டையைப் பார்த்து, "இதுல ஒண்ணு கீது, அதோ அதுல ஒண்ணு" என்று அவர் எடுத்து வைக்கும் முட்களைப் பார்த்தால், ஒரு பஞ்சருக்குத்தான் கடைக்கு வந்தோம், டயர் எத்தனையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்று தெரியும். பஞ்சர் ஆகாவிட்டாலும் மாதம் ஒருமுறை டயரை வெளியே பார்த்துக் கண்ணாடித் துண்டு, நெடுஞ்சாலை 48-இல் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பி, முள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது நல்லது. அந்தக் கம்பி தலைமுடி மாதிரி இருக்கும், நாளுக்கு நாள் உள்ளே ஏறி ஒரு வாரம் கழித்துத்தான் டியூபைத் தொடும்.

நூலைப் பற்றி. டயர் என்பது ரப்பர் பூசிய துணி. ஓர் இன்ச்சில் எத்தனை இழை என்பதை டி.பி.ஐ. என்று போடுவார்கள். 27, 30 என்றால் தடித்த நூல், மலிவு, விறைப்பு. 120 என்றால் மெல்லிய நூல், மிருதுவாக உருளும், மண்ணில் வளைந்து கொடுக்கும், விலையும் கூட. 60 நடுவில். ஓட்டும் சுகம் என்று பார்த்தால் 120-க்கு நிகரில்லை. ஆனால் கிரஷர் பக்கம் போகிறவர் 60-இல் நிற்பது நல்லது. நண்பர் ஒருவர் மெல்லிய டயரோடு ஜல்லி கொட்டிய இறக்கத்தில் வந்தபோது கருங்கல்லின் கூர் விளிம்பு டயரின் பக்கத்தைக் கத்தியால் கீறியது போலக் கிழித்துவிட்டது. நடுவில் இருக்கும் தடுப்புப் பட்டை பக்கவாட்டில் கிடையாது. சீலண்ட் அதை அடைக்காது. பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து டியூபுக்கும் கிழிசலுக்கும் நடுவில் வைத்து, பாதிக் காற்றடித்து, ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தோம். ரூபாய் நோட்டு பருத்தி இழைத் தாள், இதற்கு நன்றாகத் தாங்குகிறது. பழைய டயரில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொண்டால் இன்னும் உறுதி.

இப்போது பட்டன். தார் ரோட்டில் பட்டன் டயர் 'உர்ர்' என்று சத்தம் போடும், ஒவ்வொரு பட்டனும் தரையில் மடங்கி நிமிர்வதில் மிதி வீணாகும், வேகமாக வளைவில் சாய்ந்தால் பட்டன்கள் நெளிந்து டயர் வழுக்குவது போல இருக்கும். மழைத் தண்ணீரில் வழுக்காமல் இருக்கப் பட்டன் வேண்டும் என்பது காரிலிருந்து வந்த நினைப்பு. சைக்கிளின் டயர் ஒல்லி, காற்று அதிகம், வேகம் குறைவு. தண்ணீர் மேல் மிதக்கிற வேகத்துக்கு நாம் போவதே இல்லை, வழவழ டயர் ஈரத் தாரில் நன்றாகவே பிடிக்கும். இறுகிய ஏரிக்கரையிலும் அப்படித்தான், மண்ணில் பட்டன் பதிய வேண்டுமென்றால் மண் இளகியிருக்க வேண்டும். பட்டன் தேவைப்படுவது உதிரி மண் சரிவில், சருகு மூடிய காட்டுத் தடத்தில், ஈரச் செம்மண்ணில். ஆகவே முக்கால் ரோடு, கால் மண் என்கிறவருக்கு நடுவில் வழவழப்பாகவோ சின்னப் புள்ளிகளாகவோ இருந்து, ஓரத்தில் மட்டும் பட்டன் வைத்த டயர். பேனரேசர் கிராவல்கிங், ஷ்வால்பே ஜி-ஒன் போன்ற கிராவல் (ஜல்லி, மண் ரோட்டு) டயர்களில் இந்த மாதிரி பல வகை உண்டு. விலை 2,000-க்கு மேலேதான், இணையத்தில்தான் வாங்க வேண்டும். மவுண்டன் பைக் ஏற்கெனவே வைத்திருக்கிறவர் புது சைக்கிள் தேட வேண்டியதில்லை. அதோடு வந்த பெரிய பட்டன் டயரைக் கழற்றிவிட்டு அதே விட்டத்தில் 1.75 அல்லது 2.0 இன்ச் வழவழ டயர் போட்டுப் பார்க்கட்டும். காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பாலம் ஏறி வருகிறபோதே வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

முன்னும் பின்னும் ஒரே டயர்தான் போட வேண்டும் என்றும் இல்லை. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். அதனால் முன்னால் கொஞ்சம் அகலமும் கொஞ்சம் பட்டனும், பின்னால் கொஞ்சம் ஒல்லியும் வழவழப்பும் என்று வைப்பதை நான் பலமாகச் சிபாரிசு செய்வேன். என் சைக்கிளில் இப்போது முன்னால் 42 ஓரப் பட்டன், பின்னால் 40 வழவழ. பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறது தார் ரோடு, ஆலங்காயம் வழியில் காவலூர் வானாய்வகம். இந்த ஏற்றத்துக்கு மேலே சொன்ன டயரே தாராளம், தார் ரோட்டுக் காற்றோடு ஏறலாம். மேலே போய் ஊர்களுக்கு நடுவே உள்ள மண் தடங்களில் இறங்கும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், திரும்பித் தாரில் ஏறுவதற்குக் கைப்பம்பு வேண்டும். காப்புக்காட்டுக்குள் போகும் தடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அமிர்தி பக்கத்திலும் அதேதான், கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே பஞ்சர் கடை கிடையாது. இரண்டு டியூப், லிவர், ஒட்டு, பம்பு, டயர்த் துண்டு இல்லாமல் யாரும் போக வேண்டாம். டியூப் வாங்கும்போது டயரின் விட்டத்தோடு அகலத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், 700 × 35–45 என்று போட்டிருந்தால் 40-க்கும் 42-க்கும் ஆகும். வால்வும் முக்கியம். பிரெஸ்டாவுக்குத் துளைத்த ஒல்லித் துளையில் மோட்டார் பைக் மாதிரி தடித்த வால்வு நுழையாது.

தேய்மானம் பின்னால்தான் சீக்கிரம், முன்னைவிடச் சுமார் இரண்டு மடங்கு. பின் டயர் நடுவில் தட்டையாகி ஓரம் முனை கட்டினால், அல்லது எங்காவது நூல் தெரிந்தால், காலம் முடிந்தது. அப்போது புது டயரைப் பின்னால் போடுவது எல்லாரும் செய்வது. நான் முன்னால் இருப்பதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடச் சொல்வேன், பிடி அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ஓட்டாமல் கிடந்த டயரானாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள், ஊருக்குள் கடைக்குப் போய்வர வைத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு நல்ல சமயம் ஆடி முடிந்து ஆவணியில். ஐப்பசி மழைக்கு முன்னால் புது ரப்பர் கொஞ்சம் பழகியிருக்கும், மழை விட்டு நெருஞ்சி காய்க்கும்போது தடிமனும் முழுசாக இருக்கும்.